கடைசி ஆண்டின் முதல் மதிப்பெண்கள்
அமெரிக்கக் கலாசாலைச் சேர்க்கை பற்றி ஒரு பாடம்

வியாபாரத்தில் பழகிய நமக்கு ஒரு விஷயம் எளிதில் விளங்கும். மூன்று வருஷமாகச் சொன்ன தவணையில் சொன்ன பணத்தைக் கட்டி வந்த ஒருவர், பெரிய அளவில் சரக்குக் கடன் கேட்டு வருகிறார். அவர் வரும் அதே மாதத்தில் இரண்டு தவணை தவறி விடுகிறது. மொத்த வியாபாரி என்ன செய்வார்? பழைய பேரேட்டைக் கிழித்து எறிய மாட்டார். அந்த இரண்டு தவணையைக் காணாதவர் போலவும் இருக்க மாட்டார். என்ன நேர்ந்தது என்று கேட்பார்; அடுத்த மாதக் கணக்கு எப்படி வருகிறது என்று பார்ப்பார்; அதன் பிறகே முடிவு சொல்வார்.

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளியின் கடைசி ஆண்டில் படிக்கும் மாணவருக்கும் இதே நிலைமை வருவதுண்டு. மூன்று வருஷம் நன்றாகப் படித்து, நான்காம் வருஷத்தின் முதல் சில வாரங்களில் மதிப்பெண் சறுக்கி விடுகிறது. கலாசாலைகளுக்கு விண்ணப்பம் அனுப்ப வேண்டிய தருணமும் அதுவே. வீட்டில் கலக்கம் உண்டாகிறது. "எல்லாம் போயிற்று" என்பார் ஒருவர். "அதெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள்?" என்பார் மற்றொருவர். இவ்விரண்டு கூற்றும் பிழை. உண்மை எங்கே நிற்கிறது என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம். பிள்ளைகளை அந்நாட்டுக்கு அனுப்ப எண்ணியிருப்போருக்கும், அங்கே குடியேறிய உறவினரின் மக்களுக்கு ஆலோசனை சொல்லும் இடத்தில் இருப்போருக்கும் இது பயன்படும்.

1. அங்கே பேரேடுதான் பரீட்சை

நாம் வாழும் நாடுகளில் கடைசியில் எழுதும் பொதுப் பரீட்சையே பெரும்பாலும் தலையெழுத்தைத் தீர்க்கிறது. மலேசியாவில் எஸ்.பி.எம்., சிங்கப்பூரில் ஓ லெவல், ஏ லெவல் என்று அந்தச் சில வாரங்களில் எழுதும் தாள்களுக்கே முதன்மை. வருஷம் முழுவதும் அசட்டையாக இருந்து, கடைசி மூன்று மாதம் இரவு பகலாகப் படித்துத் தேறியவர்களை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம்.

அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான அத்தகைய இறுதிப் பரீட்சை கிடையாது. உயர்நிலைப் பள்ளி என்பது 9, 10, 11, 12 ஆகிய நான்கு வகுப்புகள். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒவ்வொரு பருவமும் ஏ, பி, சி, டி, எஃப் என்று தரம் எழுதப்படுகிறது. ஏ என்றால் 4, பி என்றால் 3, சி என்றால் 2, டி என்றால் 1, எஃப் என்றால் பூஜ்யம். இவற்றின் சராசரியைத்தான் ஜி.பி.ஏ. என்கிறார்கள். நான்கு ஆண்டுத் தரங்களும் வரிசையாக எழுதப்பட்ட தாளுக்கு டிரான்ஸ்கிரிப்ட் என்று பெயர். நமது மொழியில் சொன்னால் அது மாணவரின் பேரேடு.

எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. என்ற தேர்வுகள் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. ஆனால் அவற்றின் மதிப்பு இடத்துக்கு இடம் மாறுகிறது. கலிபோர்னியாப் பல்கலைக் கழகம் அவற்றைக் கைவிட 2020ஆம் ஆண்டு தீர்மானித்தது. இப்போது சேர்க்கைக்கு அவற்றைப் பார்ப்பதே இல்லை. எம்.ஐ.டி. சிறிது காலம் தளர்த்தியிருந்து, 2022இல் அத்தேர்வு கட்டாயம் என்று மீண்டும் அறிவித்தது. டார்ட்மத் கலாசாலை 2024இல் அவ்வாறே அறிவித்தது. தேர்வு உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் பேரேட்டை ஒதுக்குவார் இல்லை. எத்தகைய பாடங்களை எடுத்தார், அவற்றில் எப்படிச் செய்தார் என்பதே முதற் கேள்வி.

2. எப்பொழுது, யார் பார்க்கிறார்கள்?

இந்த விஷயத்தில் நாட்காட்டியை அறியாமல் எதையும் தீர்மானிக்க முடியாது. 12ஆம் வகுப்பு ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ தொடங்குகிறது. காற்பருவக் கணக்கு எடுக்கும் பள்ளிகளில் முதற் காற்பருவம் அக்டோபர் கடைசியிலோ நவம்பர் தொடக்கத்திலோ முடிகிறது. முதல் அரைப்பருவம் டிசம்பரிலோ ஜனவரியிலோ முடியும்.

விண்ணப்பங்களுக்கு இரண்டு தவணை உண்டு. முந்திய தவணை பெரும்பாலும் நவம்பர் 1 அல்லது 15. அதற்கு டிசம்பர் மத்தியில் பதில் வரும். பொதுத் தவணை பல இடங்களில் ஜனவரி முதல் நாட்கள். அதற்கு மார்ச்சு இறுதியை ஒட்டிப் பதில் வரும். இடம் கிடைத்தவர்கள் சேர்வதா இல்லையா என்பதை வழக்கமாக மே 1க்குள் தெரிவிக்க வேண்டும்.

பள்ளியிலுள்ள கவுன்சிலர் என்னும் ஆலோசகர் மாணவரின் பேரேட்டைக் கலாசாலைக்கு அனுப்புகிறார். 1975இல் தொடங்கிய காமன் அப்ளிகேஷன் என்ற பொது விண்ணப்ப முறையில் இன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட கலாசாலைகள் இருக்கின்றன. அதில் ஆலோசகர் அனுப்பும் அறிக்கைகள் மூன்று. விண்ணப்பத்தோடு செல்வது ஒன்று. அரையாண்டு முடிந்ததும் புதிய மதிப்பெண்களோடு செல்வது இரண்டு. பள்ளி முடிந்த பின் கோடையில் செல்வது மூன்று.

ஆகவே "யார் பார்க்கப் போகிறார்கள்?" என்பவருக்கு விடை இதுதான்: கலாசாலை ஒரு முறையல்ல, மூன்று முறை பார்க்கக் கூடும். முந்திய தவணையில் விண்ணப்பிப்போரிடம் முதற் காற்பருவ மதிப்பெண்களைக் கேட்டு வாங்கும் கலாசாலைகளும் உண்டு.

3. ஒரு கணக்கு

விஷயத்தைக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம். ஒரு மாணவி வருஷத்துக்கு 6 பாடம், இரண்டு பருவம் படிக்கிறாள் என்று வைத்துக் கொள்வோம். வருஷத்துக்கு 12 தரங்கள். மூன்று வருஷத்தில் 36. இவற்றில் 29 ஏ, 7 பி. 29ஐ 4ஆல் பெருக்க 116, 7ஐ 3ஆல் பெருக்க 21, ஆக 137. இதை 36ஆல் வகுத்தால் 3.81. நல்ல சராசரி.

12ஆம் வகுப்பின் முதல் அரைப்பருவத்தில் அவள் 3 பி, 3 சி வாங்கி விட்டாள். 9ம் 6ம் 15. மொத்தம் 152, வகுக்க வேண்டிய எண் 42, சராசரி 3.62. ஆறு பாடத்திலும் ஏ வாங்கியிருந்தால் 161ஐ 42ஆல் வகுத்து 3.83 வந்திருக்கும். வித்தியாசம் 0.21 மாத்திரமே. அடுத்த அரைப்பருவத்தில் ஆறும் ஏ வாங்கினாலும் 176ஐ 48ஆல் வகுக்க 3.67தான் வரும். விழுந்த சராசரி மெதுவாகத்தான் ஏறும்.

0.21 சிறிய தொகைதானே என்று தோன்றலாம். சேர்க்கை அதிகாரி சராசரியை மட்டும் படிப்பவராக இருந்தால் அது சிறிய தொகைதான். ஆனால் அவர் பேரேட்டை வரி வரியாகப் படிக்கிறார். மூன்று வருஷம் ஒரு சி கூட இல்லாத இடத்தில், கடைசி வரியில் மூன்று சி நிற்கிறது. ஐந்தொகையில் இலாபம் சரியாக இருந்தும் கடைசி மாதச் சிட்டையில் விற்பனை பாதியாகக் குறைந்திருந்தால் நமது கண் எங்கே போய் நிற்கும்? அவர் கண்ணும் அங்கேதான் நிற்கும்.

இதற்குக் காரணம் இரண்டு. முதலாவது, கடைசி வரியே மாணவர் கலாசாலைக்குள் எந்த நிலையில் நுழைவார் என்பதற்கு மிக அண்மையான சாட்சி. 9ஆம் வகுப்பில் சறுக்கி, பிறகு ஏறியவரை வளர்ந்தவர் என்பார்கள். 12ஆம் வகுப்பில் சறுக்கியவரைப் பற்றி அப்படிச் சொல்ல இன்னும் சான்று வரவில்லை. இரண்டாவது, இடநெருக்கடி. ஹார்வர்டு போன்ற இடங்களில் விண்ணப்பிக்கும் நூறு பேரில் ஐந்து பேருக்குக் கூட இடம் கிடைப்பதில்லை. நல்லவர்கள் பலர் வரிசையில் நிற்கும்போது, ஒதுக்குவதற்கு ஒரு சிறு காரணமே போதுமானதாகி விடுகிறது. நெருக்கடி குறைந்த கலாசாலைகளில் அதே மூன்று சி அவ்வளவு பெரிதாகத் தோன்றாது.

எந்தப் பாடத்தில் விழுந்தது என்பதும் முக்கியம். பொறியியல் படிக்க விண்ணப்பித்தவர் கணிதத்திலும் பௌதிகத்திலும் சி வாங்குவது வேறு. ஓவியத்தில் வாங்குவது வேறு. ஏ.பி. என்னும் கலாசாலைத் தரப் பாடங்களை எடுத்து பி வாங்கினவரைக் குறைவாக எண்ண மாட்டார்கள். ஒரு பி என்பது செய்தியே அன்று. பல பாடங்களில் ஒரே சமயத்தில் இறக்கம் என்பதுதான் கேள்வியை எழுப்புகிறது.

4. முந்திய தவணையா, பொதுத் தவணையா?

முந்திய தவணையில் இரண்டு வகை உண்டு. எர்லி டிசிஷன் என்பது கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். இடம் கொடுத்தால் சேர்ந்தே ஆக வேண்டும். மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற வேண்டும். எர்லி ஆக்ஷன் என்பது கட்டுப்படுத்தாதது. முன்னதாகப் பதில் தெரியும். முடிவு செய்ய மே மாதம் வரை அவகாசம் இருக்கும். பிரௌன், கொலம்பியா, கார்னெல் போன்றவை முதல் வகையைக் கையாள்கின்றன. எம்.ஐ.டி. இரண்டாம் வகையைக் கையாள்கிறது.

மதிப்பெண் சறுக்கிய மாணவர் இங்கே நிதானமாக எண்ண வேண்டும். நவம்பரில் விண்ணப்பித்தால், விழுந்த கணக்கு மட்டுமே கலாசாலையின் கையில் இருக்கும். எழுந்த கணக்கைக் காட்ட நாளில்லை. பொதுத் தவணைக்குக் காத்திருந்தால், காற்பருவத்தில் சி ஆக இருந்ததை அரைப்பருவ முடிவில் பி ஆகவோ ஏ ஆகவோ உயர்த்தி, அரையாண்டு அறிக்கையில் காட்ட முடியும். பல பள்ளிகளில் காற்பருவத் தரம் நிரந்தரப் பேரேட்டில் ஏறுவதில்லை. அரைப்பருவத் தரமே ஏறும். தங்கள் பள்ளியில் வழக்கம் எப்படி என்று ஆலோசகரிடம் முதலில் கேட்டறிய வேண்டும்.

எர்லி டிசிஷனில் வியாபாரிகளாகிய நாம் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. ஒரே கடையில் விலை கேட்டு, அங்கேயே வாங்குவதாகக் கையெழுத்திடுவது போன்றது அது. நான்கு கலாசாலைகள் தரக்கூடிய உதவித் தொகையை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு அங்கே இல்லை. தரும் உதவி போதாது என்றால் விலகலாம் என்பது விதியில் உண்டு. ஒப்பிட்டுப் பேரம் செய்ய வழியில்லை. இடம் கிடைக்குமோ என்ற அச்சத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்திடுவது எந்த வியாபாரத்திலும் நன்றன்று.

முந்திய தவணையில் விண்ணப்பித்தவருக்கு "இல்லை" என்று சொல்லாமல், "பொதுத் தவணையோடு மீண்டும் பார்க்கிறோம்" என்று பதில் வருவதுண்டு. இதை டிஃபர் செய்தல் என்பார்கள். இது வாசல் சாத்தப்பட்டதன்று. அடுத்து அவர்கள் கைக்குச் செல்லும் முக்கியமான புதிய பத்திரம் அரையாண்டு மதிப்பெண்தான். அந்தப் பத்திரம் நன்றாக இருக்க வேண்டும்.

5. கலிபோர்னியாவின் வேறு முறை

எல்லா இடத்திலும் ஒரே விதி இல்லை என்பதற்குக் கலிபோர்னியாப் பல்கலைக் கழகமே சான்று. இளங்கலை மாணவரைச் சேர்க்கும் ஒன்பது வளாகங்கள் அதற்கு உண்டு. அது சேர்க்கைக்குக் கணக்கிடும் சராசரியில் 10, 11ஆம் வகுப்புகளும் அவற்றை ஒட்டிய கோடைப் பாடங்களுமே சேரும். 12ஆம் வகுப்பின் மதிப்பெண் அந்தச் சராசரியில் ஏறுவதில்லை. விண்ணப்பம் நவம்பர் இறுதியை ஒட்டி முடிவதால், மாணவர் 12ஆம் வகுப்பில் எந்தப் பாடங்களைப் படிக்கிறார் என்பதை மட்டும் எழுதுகிறார்.

இதைக் கேட்டு மாணவர் நிம்மதியாக உறங்கி விடக் கூடாது. அவர்கள் தரும் இடம் நிபந்தனைக்கு உட்பட்டது. பொதுவாக, 12ஆம் வகுப்பில் சராசரி 3.0க்குக் குறையக் கூடாது. டி, எஃப் எதுவும் இருக்கக் கூடாது. எழுதிக் கொடுத்த பாடங்களை முடித்திருக்க வேண்டும். இறுதிப் பேரேடு ஜூலை 1க்குள் சேர வேண்டும். பாடத்தை விட்டு விட்டாலோ, டி அல்லது எஃப் வந்தாலோ, உடனே அறிவிக்க வேண்டும். நிபந்தனை மீறினால் கொடுத்த இடத்தைத் திரும்பப் பெறும் உரிமை அவர்களுக்கு உண்டு. மற்றக் கலாசாலைகளும் இதே உரிமையை வைத்துக் கொண்டிருக்கின்றன. கோடையில் இடம் பறிபோனால், மற்ற இடங்களை முன்பே வேண்டாம் என்று சொல்லி விட்ட மாணவர் எங்கே போவார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

6. சறுக்கிய பின் செய்ய வேண்டியவை

முதலாவது, காரணத்தைக் கண்டறிய வேண்டும். ஒரே சமயத்தில் கடினமான பாடங்களை அளவுக்கு மீறி எடுத்ததா? விண்ணப்பக் கட்டுரைகள் எழுதுவதிலேயே இரவுகள் கழிந்தனவா? உடல்நலமா, மனச்சோர்வா? வீட்டில் நோயா, மரணமா, இடமாற்றமா? காரணம் தெரியாமல் மருந்து இல்லை.

இரண்டாவது, ஆசிரியரையும் ஆலோசகரையும் உடனே காண வேண்டும். அரைப்பருவம் முடிய இன்னும் ஆறு வாரம் இருக்கும்போது பேசினால் வழி பிறக்கும். முடிந்த பின் பேசினால் அனுதாபம்தான் கிடைக்கும்.

மூன்றாவது, கடினமான பாடத்தை ஓசையின்றி விட்டு விடக் கூடாது. விண்ணப்பத்தில் எழுதிய பாடத்தை விட்டால் கலாசாலைக்குத் தெரிவிக்க வேண்டும். முன்னரே அவர்களைக் கேட்டுச் செய்வது உத்தமம்.

நான்காவது, உண்மையான காரணம் இருந்தால் அதைச் சுருக்கமாக எழுத வேண்டும். காமன் அப்ளிகேஷனில் கூடுதல் விவரம் எழுத இடம் உண்டு. என்ன நேர்ந்தது, எப்போது நேர்ந்தது, இப்போது நிலைமை என்ன என்ற மூன்றையும் சில வரிகளில் சொன்னால் போதும். புலம்பலும் பிறர் மேல் பழியும் வேண்டா. ஆலோசகரும் தமது கடிதத்தில் அதையே உறுதிப்படுத்தினால் மதிப்புக் கூடும்.

ஐந்தாவது, எதையும் மறைக்கவோ திருத்தவோ கூடாது. விவரம் யாவும் உண்மை என்று மாணவர் கையெழுத்திடுகிறார். பொய் வெளிப்பட்டால் சேர்ந்த பிறகும் நீக்கலாம். "நான் பார்த்துக் கொள்கிறேன்" என்று பணம் கேட்கும் தரகர்களிடம் பெற்றோர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கலப்படச் சரக்கு ஒரு முறை விற்கலாம். கடையின் பெயர் திரும்பி வராது.

ஆறாவது, ஒரே வாசலில் நிற்கக் கூடாது. மிக நெருக்கடியான சில, நடுத்தரமான சில, நிச்சயமாக இடம் தரக் கூடிய சில என்று பகிர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். சமுதாயக் கலாசாலை வழியும் உண்டு. கலிபோர்னியாவில் அவ்வாறு இரண்டு வருஷம் படித்துத் தேறினால், டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களில் குறித்த நிபந்தனைகளோடு இடம் உறுதி செய்யும் திட்டம் இருக்கிறது. அங்கே கலாசாலையில் வாங்கும் மதிப்பெண்ணே பேசும்.

7. கடையில் நிற்கும் பிள்ளை

நமது குடும்பங்களில் மூத்த பிள்ளை கல்லாவில் உட்காருவதும், பெண்பிள்ளை தம்பி தங்கைகளைக் கவனிப்பதும் வழக்கம். இதை ஒளிக்க வேண்டிய விஷயமாக எண்ணுகிறோம். அவசியமில்லை. காமன் அப்ளிகேஷனில் பள்ளிக்கு வெளியே செய்பவற்றை எழுதும் பட்டியலில், வேலை என்றும் குடும்பப் பொறுப்பு என்றும் தனித்தனி வகையே வைத்திருக்கிறார்கள். வாரத்துக்கு இத்தனை மணி நேரம் கடையில் கணக்குப் பார்க்கிறேன் என்று உள்ளபடி எழுதலாம். பந்து விளையாட்டுக்கும் பேச்சுப் போட்டிக்கும் பக்கத்தில் அதுவும் மரியாதையோடு நிற்கும்.

ஆனால் இதனாலேயே பெற்றோருக்கு ஒரு கடமை வருகிறது. செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை அந்தப் பிள்ளையின் நேரம் கடையின் நேரமன்று. அந்த நான்கு மாதத்துக்கு ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைப்பது, பிறகு செலுத்த நேரும் கட்டணத்தை எண்ணினால் மிகச் சிறிய செலவு.

8. இங்கிருந்து விண்ணப்பிப்போர்

சிங்கப்பூரில் ஏ லெவல் படித்து அமெரிக்காவுக்கு விண்ணப்பிப்போர் இதை ஒட்டியே சிந்திக்க வேண்டும். ஏ லெவல் முடிவு மறு ஆண்டு பிப்ரவரி, மார்ச்சை ஒட்டித்தான் வெளிவருகிறது. விண்ணப்பத் தவணைகளோ நவம்பரிலும் ஜனவரியிலும் முடிந்து விடுகின்றன. ஆகவே ஜூனியர் கலாசாலையில் வாங்கிய உள் மதிப்பெண்களையும் ஆசிரியர் முன்கூட்டிக் கணிக்கும் தரத்தையும் கொண்டே மனு செல்கிறது. "முன்தேர்வு தானே, கடைசிப் பரீட்சையில் பார்த்துக் கொள்ளலாம்" என்னும் பழைய வழக்கம் இங்கே உதவாது.

9. தொகுத்துச் சொன்னால்

கடைசி ஆண்டின் முதல் மதிப்பெண் குறைந்தால், மூன்று வருஷ உழைப்பு அழிந்து விடாது. ஆனால் அது கவனிக்கப்படும். எவ்வளவு நெருக்கடியான கலாசாலையோ அவ்வளவு கூர்மையாகக் கவனிக்கப்படும். முந்திய தவணையில் அதன் பாரம் அதிகம். பொதுத் தவணையில் திருத்திக் காட்ட நாள் உண்டு. கலிபோர்னியாப் பல்கலைக் கழகம் சராசரியில் சேர்ப்பதில்லை, நிபந்தனையில் சேர்க்கிறது. உண்மைக் காரணத்தைச் சொன்னால் கேட்பார்கள். அதைவிட, அரையாண்டு அறிக்கையில் ஏறிய மதிப்பெண்ணையே பெரிதும் நம்புவார்கள்.

தந்தைமாருக்கு ஒரு வார்த்தை. அக்டோபரில் பிள்ளை கொண்டு வரும் தாளில் மூன்று சி இருந்தால், அன்றிரவு சொல்லும் சொல் மிக முக்கியமானது. உறவினர் முன்னிலையில் இழிவாகப் பேசினால், அடுத்த தாளை அது காட்டாது, ஆசிரியரிடமும் போகாது, ஆறு வாரமும் வீணாகும். கடையில் ஒரு மாதம் நட்டம் வந்தால் நாம் கடையைப் பூட்டுவதில்லை. பேரேட்டை எடுத்து வைத்துக் கொண்டு, எங்கே பணம் போயிற்று என்று உட்கார்ந்து பார்க்கிறோம். அதே பொறுமையோடு பிள்ளையின் அருகே உட்கார வேண்டும். மறுநாள் காலையில் ஆலோசகரைக் காண நேரம் கேட்டு எழுதச் சொல்ல வேண்டும்.